அயினி வள்ளத்துக்கு ட்ரெய்லர் அடிக்கணும், அச்சு எங்க வைக்கிறது?

திருவட்டார் பையன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க தாத்தாவுக்க வள்ளம் ஒண்ணு வீட்டுல கெடக்கு. 13 அடி நீளம், நடுவுல நாலடி அகலம், ரெண்டு பக்கமும் கூர், முழுக்க அயினி பலகை. ஒரு காலத்துல ஏவிஎம் (அனந்த விக்டோரியா மார்த்தாண்டன்) கால்வாய்ல கதம்பை, அதாவது தேங்கா மட்டை, ஏத்திட்டு போன வள்ளம்னு அப்பா சொல்லுவாரு (கன்னியாகுமரி வரைக்கும் கொண்டு போவணும்னு வெட்ட ஆரம்பிச்சு மண்டைக்காட்டோட நின்னு போச்சுல்லா, அந்தக் கால்வாய்தான்). போன வருஷம் ஆசாரிய வச்சு ரெண்டு பலகை மாத்தி கலப்பத்து அடிச்சு (பலகை இடுக்குல பஞ்சு அடைச்சு) அண்டி எண்ணெயும் (முந்திரிக்கொட்டை எண்ணெய்) பூசியாச்சு, இப்ப தண்ணில கொள்ளாம் போல நிக்கும்.

பிரச்சனை என்னன்னா வீடு மலையோரம், தண்ணி கடலோரம். லீவு நாள்ல தேங்காப்பட்டணம் பொழிமுகத்துலயோ (ஆறு கடல்ல சேருற இடம்) மணக்குடி காயல்லயோ போட்டு துடுப்பு தள்ளணும்னு ஆசை. இதுவரை டாடா ஏஸ் பிடிச்சு ரெண்டு தடவை கொண்டு போனேன், அதுக்க தட்டு ஏழு அடி சொச்சம்தான், வள்ளம் பாதி வெளிய தொங்குது, ரெண்டாவது தடவை போலீஸ் நிறுத்தி நல்லா கிழிச்சு விட்டாவ, அதுபோக ஏத்த எறக்க நாலு ஆள் வேணும். அதனால பழைய பொலேரோ ஒண்ணு இருக்கு, அதுக்கு பின்னாடி இழுக்க ஒரு ட்ரெய்லர் அடிச்சிருவோம்னு பாத்தேன். பக்கத்துல ஒரு பட்டறையில கேட்டா "அச்சு நட்ட நடுவுல, பழைய டெம்போ ஸ்பிரிங்கு, ரெண்டு நாள்ல வெல்டு வச்சி தந்துருவேன்"ங்கிறாரு. எனக்கு மனசு ஒப்பல. அச்சு எங்க வரணும், வள்ளத்தை எதுக்கு மேல உக்கார வைக்கணும், ரிஜிஸ்டர் பண்ணணுமா, தெரிஞ்சவங்க சொல்லுங்க. மோட்டார் கீட்டார் ஒண்ணும் கெடையாது, வெறும் துடுப்புதான்.

நாஞ்சில் நக்கல்:
பொலேரோவ வித்துட்டு மணக்குடியில ஒரு வீடு வாங்கிரு மக்கா, செலவு கொறையும்.

தோட்டியோடு வெல்டிங் மாமன்:
தம்பி, அச்சு நட்ட நடுவுல வச்சியோ வண்டி நாப்பது தாண்டுனதும் ட்ரெய்லர் நாய் வால் மாதிரி ஆடும். பின்பக்கம் பாரம் கூடுனா மூக்கு தூக்கும், தூக்குனா பொலேரோவுக்க பின் டயர்ல பிடி போயிரும், பொறவு சைடுல அடிக்க ஆரம்பிச்சா ஸ்டியரிங் பிடிச்சு நிறுத்த முடியாது. அதனால மொத்த பாரத்துல பத்துல ஒரு பங்காவது கப்ளர்ல (ட்ரெய்லருக்க மூக்குல காரோட மாட்டுற பூட்டு) கீழ அழுத்தணும், 15 சதவீதம் வரை போலாம், அதுக்கு மேல போனா காருக்க பின்பக்கம் உக்காந்துரும்.

இதுக்கு ஒரு லேசான கணக்கு இருக்கு. டோ பால்ல (காருக்க பின்னால கப்ளர் உக்காருற இரும்பு உருண்டை) இருந்து அச்சு வரைக்கும் உள்ள நீளத்தை அள. அதுல பத்துல ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவு தூரம் பாரத்துக்க நடு அச்சுக்கு முன்னால இருந்தா போதும். நீளம் 320 செமீன்னா 32 செமீ, ஏறக்குறைய ஒரு அடி. பாரம் 300 கிலோன்னு வச்சிக்கோ, கப்ளர்ல 30 கிலோ வரும். முடிஞ்சப்பறம் வீட்டுல ஆள் எடை பாக்குற மெஷின கப்ளருக்கு அடியில வச்சு பாத்துக்கிடலாம். ஆனா தரை மட்டத்துல வச்சு பாக்காத, காருக்க ஹிட்ச் (அந்த டோ பால் மாட்டியிருக்க இடம்) எவ்வளவு உயரமோ அந்த உயரத்துக்கு கட்டை வச்சு பாரு, இல்லன்னா கணக்கு தப்பும்.

பாரத்துக்க நடுவ கண்டுபிடிக்கிறது எப்படின்னு கேப்ப. உங்க ஊர்ல ரப்பர் ஷீட் எடுக்குற கடை இல்லாமலா இருக்கும், அந்த தராச ஒரு நாள் கேளு. வள்ளத்தை ரெண்டு கட்டை மேல தூக்கி வை, அணியத்துக்கு (வள்ளத்துக்க முன்பக்கம்) அடியில உள்ள கட்டைய தராசுல வச்சு எடை பாரு, அப்புறம் தராச அந்தப் பக்கம் மாத்தி மறு கட்டைய பாரு. ரெண்டையும் கூட்டுனா மொத்த எடை. கட்டைய மட்டும் நகத்தாம இருக்கணும், ரெண்டு கட்டைக்கும் இடையில எவ்வளவுன்னு அளந்து வச்சுட்டு எண்ண கொண்டு வா, மீதி நான் சொல்லுதேன்.

முக்கியமா ஒண்ணு, அச்ச வெல்டு வைக்க விடாத. யூ போல்ட் போட்டு பிடிக்கச் சொல்லு. நாலு நட்ட லூஸ் பண்ணுனா முன்ன பின்ன நகத்தலாம், வெல்டு வச்சா கட்டர் வச்சுதான் எடுக்கணும். பிரேம் வேற பாக்ஸ் பைப்ல அடிக்கிறது பாக்க நல்லாருக்கும், உப்புத்தண்ணி உள்ள போயி நின்னு உள்ளேருந்தே தின்னுரும், வெளிய பெயிண்டு பளபளன்னு இருக்கும்போதே ஒரு நாள் ஒடியும். சி சேனல்னா தொறந்து கெடக்கும், ஹோஸ் வச்சு கழுவிறலாம்.

டெம்போ ஸ்பிரிங்கு பத்தி: அது ஒரு டன்னு சொமக்க பண்ணது. உன் வள்ளம் இருநூறு கிலோ தாண்டாதுன்னு நினைக்கேன். அந்த ஸ்பிரிங்குக்கு அது ஒரு பாரமே இல்ல, குழியில விழுந்தா ஸ்பிரிங்கு அசையாது, வள்ளம் துள்ளும். தாய்ப்பட்டையும் (இருக்குறதுலயே நீளமான பட்டை) அதுக்கு அடுத்த பட்டையும் மட்டும் வச்சுட்டு மீதிய கழட்டு. டயர்ல காத்தும் 35 அடிக்காத, 20 கிட்ட போதும்.

கடியபட்டணத்துக்காரன்:
மாமன் சொன்னது இரும்புப் பக்கம், நான் மரத்துப் பக்கம் சொல்லுதேன். வள்ளத்துக்க பாரம் முழுக்க ஏராவுலதான் (அடியில நடுவுல நீளத்துக்கு ஓடுத முதுகெலும்பு மரம்) உக்காரணும் தம்பி. பைபர் போட்டுக்கு செய்யுத மாதிரி ரெண்டு பக்கமும் சாய்வு பலகை வச்சு அது மேல வயித்த உக்கார வச்சேன்னா, ரோட்டுல ஒவ்வொரு குலுக்கலுக்கும் பலகையும் வங்கும் (உள்ள குறுக்க விலா எலும்பு மாதிரி வச்ச கட்டை) தனித்தனியா வேலை செய்யும், கலப்பத்து பஞ்சு பிதுங்கி வெளிய வரும், தண்ணில எறக்குன உடனே ஊற்று மாதிரி வரும். ஏராவுக்கு அடியில மூணு இடத்துல, நாலு இடத்துலன்னா இன்னும் நல்லது, கட்டை குடு. அதுல ஒண்ணு வங்கு இருக்குற இடத்துக்கு நேரா வரணும். சைடு பலகை சாயாம பிடிக்க மட்டும்தான், கை வச்சு ஆட்டுனா லேசா தொடணும், தூக்கி நிறுத்தக்கூடாது.

மெத்தைக்கு என்னத்த போடன்னு கேட்டா எங்க ஊர்ல பழைய டயர வெட்டி ஆணி அடிப்பாவ. கறுப்பா மரத்துல ஒட்டும், பரவாயில்லன்னா போடு. கயிறு மிதியடி நல்லாருக்கும்னு யாராவது சொல்லுவான், கேக்காத. ஈத்தாமொழி கயிறு பக்கம் எனக்கு ஒரு கொறையும் இல்ல, ஆனா உப்புத்தண்ணி குடிச்ச கயிறு காயவே காயாது, அடியில மரம் இத்துப்போவும். பழைய கார்ப்பெட்டுக்கும் அதே கதைதான்.

கெட்டுறது: நடுவுல ரெண்டு இடத்துல பெல்ட் போடு, அந்த கிளிக் கிளிக்னு இறுக்குறது இருக்குல்லா, அத ஆவேசமா இறுக்காத. மேல் விளிம்பு ரெண்டும் உள்ள நெருங்கிரும், சின்ன வள்ளத்துல அது சுலபமா நடக்கும். உள்ள குறுக்க ஒரு கம்பு முட்டுக்குடுத்துட்டு அப்புறம் இறுக்கு. பெல்ட்ட ஒரு முறுக்கு விட்டு போட்டா காத்துல பர்ர்ருன்னு அடிக்காது. அணியத்துல உள்ள வளையத்துல முன்னால ஒரு கயிறு, பின்தலையில ஒரு கயிறு, இது முன்ன பின்ன நகராம இருக்க. நீ பிரேக் அடிச்சா வள்ளம் உனக்க கண்ணாடி வழியா உள்ள வரப் பாக்கும், அத மறந்துராத.

டிஎன் எழுபத்தஞ்சு:
ஒரு நிமிஷம். இரும்ப வெட்டுறதுக்கு முன்னால ஆர்டிஓ ஆபீசுல ஒரு தடவை போய் கேட்டுருங்க. மோட்டார் வாகனச் சட்டப்படி ட்ரெய்லரும் ஒரு வாகனம்தான், அதுக்கும் பதிவு வேணும், அதோட எண் அதுக்க சைடுல இருக்கணும், இழுக்குற வண்டியோட எண் ட்ரெய்லருக்க பின்னாலயும் இருக்கணும், 61வது பிரிவு. நம்ம ஊர் பட்டறைல அடிச்சதுக்கு டைப் அப்ரூவல் சான்று (அந்த மாடல் விதிப்படி இருக்குன்னு அங்கீகரிச்ச பேப்பர்) கேப்பாங்க, அது இல்லாம பதிவு லேசுல கிடைக்காது. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அழகா ஒண்ணு அடிச்சாரு, பெயிண்ட் எல்லாம் அடிச்சு ஆயுத பூஜைக்கு மாலை போட்டாரு, இன்னைக்கு வரைக்கும் அது அவரு ஷெட்டுலதான் இருக்கு, மேல கோழி அடையுது. பொலேரோல ஹிட்ச் மாட்டுறதையும் அங்கயே சேத்து கேளுங்க. இன்சூரன்ஸ்காரங்ககிட்டயும் ஒரு வார்த்தை, ஏதாவது ஆச்சுன்னா அங்கதான் மொதல்ல கை விரிப்பாங்க.

பின்னால சிவப்பு ரிஃப்ளெக்டர், பிரேக் லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் நாலையும் ஒரே பலகையில வச்சு வள்ளத்துக்க பின்தலையில கெட்டுற மாதிரி பண்ணிக்கிடுங்க. தண்ணில எறக்குறதுக்கு முன்னால அந்தப் பலகைய கழட்டி கார்ல போட்டுட்டா லைட்டும் நனையாது வயரும் நனையாது. கப்ளருக்கு அடியில ரெண்டு சங்கிலி குறுக்க மாட்டணும், கப்ளர் கழண்டா மூக்கு ரோட்டுல குத்தாம அந்த சங்கிலி தாங்கும்.

திருவட்டார் பையன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விஷயம் இருக்கும்னு நினைக்கல. ரப்பர் கடையில எடை பாத்துட்டேன் மாமா. அணியத்துப் பக்கம் 70, பின்தலைப் பக்கம் 95. கட்டைக்கும் கட்டைக்கும் 11 அடி. கடைக்காரரு "இது எந்த கிரேடு ஷீட்டு"ன்னு கேட்டு சிரிச்சாரு.

ஒரு சந்தேகம், வள்ளம் வெயில்ல கெடந்து பலகைக்கு நடுவுல விரல் நகம் போற அளவு இடைவெளி விட்டிருக்கு. ட்ரெய்லர் மேல வச்சே உள்ள தண்ணி நெறச்சு ஒரு நாள் ஊற வச்சா போதும்ல?

கடியபட்டணத்துக்காரன்:
ஐயோ வேண்டாம் தம்பி. இத நான் செஞ்சு அடி வாங்குனவன், அதனால சொல்லுதேன். எனக்க மச்சானுக்க வள்ளம், உங்க வள்ளத்தவிட கொஞ்சம் பெருசு, ஒரு மழையில்லாத சித்திரையில ட்ரெய்லர் மேல வச்சு பம்ப் போட்டு நெறச்சோம். வெளிய இருக்கும்போது உள்ள தண்ணி எல்லாம் பாரம்தானே, தண்ணில மிதக்கும்போதுன்னா வெளியிலயும் தண்ணி தாங்கும், இங்க என்ன தாங்கும், மூணு கட்டைதான் தாங்கும். ஒரு கன அடி தண்ணி 28 கிலோ. பாதி நெறஞ்சப்ப நாங்க வெத்தில போட்டுட்டு உக்காந்து பாத்துட்டு இருந்தோம், டப்புன்னு ஒரு சத்தம், நடுக்கட்டைக்கு நேரா ஏரா பக்கத்துப் பலகை பிளந்து தண்ணி எல்லாம் ரோட்டுல. மச்சான் மூணு மாசம் எங்கிட்ட பேசல. ஆசாரி கூலிய நான்தான் குடுத்தேன், அப்புறம்தான் பேசுனான்.

உள்ள சாக்கு விரிச்சு அது நனையுற அளவு தண்ணி தெளி, ராத்திரி முழுக்க, ரெண்டு மூணு நாள். இல்லன்னா பக்கத்துக் குளத்துல எறக்கி ஓரமா முக்கிப் போடு, பலகை அதுபாட்டுக்கு எடுத்துக்கிடும். முதல்ல வள்ளத்தை வெயில்ல போடாத. முடைஞ்ச தென்னை ஓலை மேல போடு, தார்ப்பாய வச்சு மூடி கெட்டுனா உள்ள வெக்க பிடிச்சு காளான் வரும், காத்து போவணும். அடியில தக்கை அடிச்ச ஓட்டைய தொறந்து வை, அணியத்த கொஞ்சம் தூக்கி வை, மழைத்தண்ணி தானா வடியட்டும். நமக்கு எடவப்பாதியும் (தென்மேற்கு மழை) இருக்கு ஐப்பசி கார்த்திகையும் இருக்கு, வருஷத்துல ரெண்டு தடவை நனைஞ்சு நனைஞ்சு காஞ்சா எந்த அயினியும் தாங்காது.

தோட்டியோடு வெல்டிங் மாமன்:
நல்ல எண்ணு கொண்டு வந்திருக்க. 70ம் 95ம் 165 கிலோ. 95ஐ 165ல வகுத்து 11ஆல பெருக்கு, ஆறே கால் அடிக்கு ஒரு அங்குலம் கூட. அணியத்துப் பக்கத்து கட்டையில இருந்து பின்னால அவ்வளவு தூரத்துலதான் வள்ளத்துக்க பார நடு. அந்த இடத்துல சாக்பீஸ் வச்சு கோடு போட்டுக்கோ, எனக்கு அந்தக் கோடுதான் வேணும். அப்பறம் பயல்வ யாராவது ஐஸ் பெட்டி, துடுப்பு, நங்கூரம் எல்லாத்தையும் தூக்கி பின்தலையில போட்டுட்டு வண்டிய எடுப்பானுவ, கோடு அங்கயேதான் இருக்கும், பாரம் பின்னால போயிருக்கும். சாமான் எல்லாம் கார்ல வையி.

பேரிங் விஷயம் மறந்துட்டேன். ரோட்டுல ஓடி வந்த ஹப் (பேரிங் இருக்குற சக்கரத்துக்க நடுப்பாகம்) சூடா இருக்கும், அப்படியே பச்சத் தண்ணில எறக்குனா உள்ள உள்ள காத்து சுருங்கி சீல் வழியா உப்புத்தண்ணிய உறிஞ்சும், ரெண்டு மாசத்துல பேரிங் கரகரன்னு கத்தும். வந்த உடனே எறக்காம ஒரு சாயா குடி. அதவிட நல்லது ஹப்பு தண்ணியத் தொடாமலே வள்ளத்த தள்ளி விடுறது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணி வச்சு கழுவு, ஒவ்வொரு தடவையும், சோம்பல் படாத.

நாஞ்சில் நக்கல்:
சாயா குடிக்கச் சொன்னது மட்டும் எனக்கு நல்லா விளங்குச்சு மாமா. சரி சீரியசா ஒண்ணு, மணக்குடியில கரை முழுக்க மணலு. பொலேரோ பின்னால போயி டயர் புதைஞ்சா ட்ரெய்லரும் வள்ளமும் காரும் மூணும் சேந்து அங்கயே குடியிருக்கும். கார ஒறப்பான தரையிலயே நிறுத்திட்டு ட்ரெய்லர கழட்டி முன்னால ஒரு சின்ன சக்கரம் வச்சு முப்பது அடி கயித்துல கெட்டி கையால எறக்கு. டயருக்கு அடியில தென்னமட்டை போட்டா புதையாது. திரும்ப இழுக்கும்போது கார் கயித்த இழுக்கும், நீ திசை காட்டுனா போதும்.

திருவட்டார் பையன்:
ரெண்டு வாரம் கழிச்சு வாறேன். ஆர்டிஓ ஆபீசுல கேட்டாச்சு, டிஎன் எழுபத்தஞ்சு அண்ணன் சொன்னதேதான், பட்டறை ட்ரெய்லர்னா அப்ரூவல் பேப்பர் எங்கன்னு கேட்டாவ. கோழி அடையுறதுக்கு நான் தயாரில்ல, அதனால பேப்பரோட வாற ட்ரெய்லர் சேசிஸ் (அடிச்சட்டம்) ஒண்ணு விலை பேசிட்டு இருக்கேன். ஆனா அதுல அச்சு நகராது மாமா, கம்பெனி போட்ட இடத்துலதான்.

அதுவரைக்கும் பழைய இரும்புல மாதிரிக்கு ஒண்ணு கெட்டி எங்க ரப்பர் தோட்டத்துக்குள்ள மட்டும் ஓட்டி பாத்தேன், ரோட்டுக்கு எறக்கல. மூணு தடவை பின்னால எடுக்கும்போது மடங்கி போச்சு. ஸ்டியரிங்க கீழ்ப்பக்கம் பிடிச்சுட்டு, ட்ரெய்லர் எந்தப் பக்கம் போவணுமோ கைய அந்தப் பக்கம் நகத்துன்னு ஒருத்தர் சொன்னாரு, அப்பறம்தான் புடிபட்டுச்சு. ஸ்பிரிங்கு ரெண்டு பட்டையில வள்ளம் நல்லா மிதக்குற மாதிரி போவுது. இடது ஹப்பு மட்டும் நல்ல சூடு, கை வைக்க முடியல, வலது ஒண்ணுமில்ல.

தோட்டியோடு வெல்டிங் மாமன்:
இடது நட்ட ஒரேயடியா இறுக்கிட்ட. ஜாக்கி வச்சு தூக்கி, சக்கரத்த சுத்திக்கிட்டே இறுக்கி, அப்பறம் கொஞ்சம் பின்னால விடணும், சக்கரம் லேசா ஓடணும் ஆனா மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுனா ஆடக்கூடாது. ஸ்பிளிட் பின் (நட்டு கழறாம பிடிக்குற பின்) புதுசு போடு, பழசயே நிமித்தி போடாத.

அச்சு நகரலன்னா வள்ளம் நகரட்டும். முன்னால மூக்கு முட்டுற கட்டைக்கு நாலஞ்சு போல்ட் ஓட்டை வரிசையா போட்டு வை, அத முன்ன பின்ன மாத்துனா வள்ளமும் மாறும், சாக்பீஸ் கோடு தானா அச்சுக்கு முன்னால வந்து நிக்கும். சேசிஸ் வெறுமையா இருக்கும்போது கப்ளர்ல எவ்வளவு காட்டுதுன்னு பாத்து எழுதி வை. ஏரா கட்டைய மட்டும் எங்கிட்ட அடிக்க கொண்டு வா, பட்டறைக்காரன்ட்ட விட்டா அவன் நேர்க்கோட்டுல வச்சிருவான், ஏரா கொஞ்சம் வளைஞ்சுதானே இருக்கும், நடுக்கட்டை தாழவும் ஓரக்கட்டை ரெண்டும் லேசா உசரவும் வரணும்.

திருவட்டார் பையன்:
சரி மாமா, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நேரா அங்க வாறேன், ஏரா வளைவுக்கு அட்டைப்பெட்டி வெட்டி மாதிரி எடுத்து வச்சிருக்கேன். வள்ளம் இப்ப குளத்துல கெடக்கு, முதல் நாள் உள்ள அரை வாளி தண்ணி வந்துச்சு, நேத்து ஒரு சொம்பு.

கடியபட்டணத்துக்காரன்:
ஒரு சொம்புன்னா கொள்ளாம், இன்னும் ரெண்டு நாள் கெடக்கட்டும். மணக்குடியில எறக்குற அன்னைக்கு இங்க ஒரு வார்த்தை போடு, கை பிடிக்க நானும் மச்சானும் வாறோம். வலையில சாளை மீனு பட்டா மட்டும் வரமாட்டோம்.